கண்ணாடிக்கு உள்ளே விழும் வெயில்

1

மாம்புரியில் வளர்ந்த ஒருத்தி தினமும் காலையில் வெயிலைக் குளிசையாக விழுங்குகிறாள் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். நானும் முதலில் சிரித்தவள்தான். கிளாஸ்கோவுக்கு வந்த இரண்டாவது குளிர்காலத்தில் முழங்கால் வலி தாங்காமல் வைத்தியரிடம் போனேன். இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, உடம்பில் விற்றமின் டி அடியோடு இல்லை, உங்களுக்கு வெயில் போதவில்லை, தினமும் இந்தக் குளிசையை விழுங்குங்கள் என்றார். எனக்கு வெயில் போதவில்லையாம்! தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரோடும் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து, மாம்புரியில் கிடுகுக் கொட்டிலுக்குள் வெந்து, வெங்காயத் தோட்டத்தில் உம்மாவுக்குப் பின்னால் நடந்து, கடற்கரை வாடியில் காயும் நெத்தலியைப் புரட்டி வளர்ந்தவள் நான். ஆயுளுக்குத் தேவையான வெயிலைச் சின்ன வயதிலேயே வாங்கி முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். அது அப்படி உடம்பில் சேர்ந்து கிடக்காதாம்.

பெரியவளான அன்றோடு என் வெயில் நின்றுபோனது. "வெயில்ல நிக்காத, கறுத்துப் போனா ஆரு எடுப்பாங்க?" என்று உம்மா விரட்டி விரட்டி உள்ளே அனுப்புவார். தன் முகம் கருவாடாய்க் காய்ந்ததைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. என் முகம் வெளுப்பாக இருக்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு முன் ஊருக்கு வந்தபோது, பஸ்ஸால் இறங்கியதும் சொந்தக்காரப் பெண்கள் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். "அல்லாஹ், என்ன வெளுப்பு! வெளிநாட்டுத் தண்ணி புடிச்சிருக்கி" என்றார்கள். அந்த வெளுப்புக்கு இங்கே வைத்தியர் வைத்த பெயர் குறைபாடு.

இந்த மாதத்தோடு நான் இங்கே வந்து இருபது வருடம். கேக் வெட்டுவோமா என்று மகள் கேட்டாள். எனக்கு வெட்ட மனம் இல்லை. பர்ஹானாவின் பிள்ளையின் கதை ஊருக்கு வந்துவிட்டது என்று அறிந்தேன். "அவ புள்ளய அடிச்சுக் கால முறிச்சுட்டாளாம், வெள்ளைக்காரன் புடிச்சு வச்சிருக்கானாம்" என்று அவள் ஊரான கனமூலையில் கல்யாண வீடுகளில் கதைக்கிறார்களாம். பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். ஆகவே எழுதுகிறேன். பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். மாற்றினாலும் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள், அதில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள்.

2

பர்ஹானா கனமூலைப் பிள்ளை. நான் இருக்கும் அதே கட்டடத்தில், எனக்கு மேலே இரண்டு மாடி தள்ளி இருக்கிறாள். அவள் மாப்பிள்ளை ரிஸ்வானுக்குப் பாண் சுடும் தொழிற்சாலையில் இரவு வேலை. அவன் வந்து படுக்கும்போது ஊர் விழிக்கும், ஊர் படுக்கும்போது அவன் சப்பாத்து மாட்டுவான். மகன் யூசுப் பிறந்தது ஒக்டோபர் மழையில். ஊரில் என்றால் பிள்ளை பெற்ற வீட்டில் மாமி, சாச்சி, பக்கத்து வீட்டு ராத்தா என்று கால் வைக்க இடம் இருக்காது. இங்கே அவளும் பிள்ளையும் ஒரு யன்னலும் மட்டும்.

பிறந்து கொஞ்ச நாளில் பிள்ளையைப் பார்க்க ஒரு தாதி வந்தாள். நல்ல பெண், சிவந்த முகம், ஓடுகிற பஸ்ஸைப் பிடிக்கிற வேகத்தில் கதை. கிளாஸ்கோ இங்கிலீஷ் எனக்கே இன்னும் பாதிதான் விளங்கும். ஒரு சின்னப் போத்தலைக் கையில் கொடுத்து விளக்கினாளாம். வெயில் தோலில் பட்டால் உடம்பு தானே உண்டாக்குகிற சத்து இது. இந்த நாட்டில் குளிர்காலத்தில் அந்த வெயில் இல்லை. ஆகவே அதற்குப் பதிலாக இந்த எண்ணெய், தினமும், குளிப்பாட்டும் நேரத்தோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது. பர்ஹானா ஓ.எல். பரீட்சை வரை படித்தவள். வெயில், தோல், எண்ணெய், குளிப்பு, எல்லாச் சொல்லும் அவளுக்குத் தெரிந்த சொல்தான். தலையாட்டினாள். தாதி பெருவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு தாதி வந்தபோதெல்லாம் ஒரே கேள்வி: மருந்து நடக்கிறதா? ஓம், ஒவ்வொரு நாளும். சரி, நல்லது. அவ்வளவுதான்.

நான் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறேன். காலையில் பஸ் தரிப்பில் நின்று அண்ணாந்து பார்த்தால், வெயில் எட்டிப் பார்க்கிற நாட்களில், அவர்கள் வீட்டு யன்னலில் யூசுப் தெரிவான். பம்பேர்ஸ் மட்டும்தான் உடுப்பு. உடம்பெல்லாம் எண்ணெய் மினுங்கும். பர்ஹானா அவன் கையைப் பிடித்து எனக்கு ஆட்டிக் காட்டுவாள். நம்மூரில் பிள்ளைக்கு எண்ணெய் பூசி இளவெயிலில் கிடத்துவோமே, அதேதான். வெளியே குளிரில் பிள்ளையைக் கழற்றிப் போட முடியாது. கண்ணாடிக்கு உள்ளே வெயில் விழும், தொட்டால் இதமாகச் சுடும். பார்க்க எனக்குச் சந்தோசமாக இருந்தது. இந்தக் கட்டடத்தில் ஒரு வீட்டிலாவது பிள்ளை பிள்ளையாக வளர்கிறது என்று நினைத்தேன்.

3

யூசுப்புக்கு ஒன்றரை வயதாகியும் பிடி விட்டு நடக்கவில்லை. செற்றியைப் பிடித்து எழும்பி நிற்பான், நிற்கும்போது கால் இரண்டும் வெளிப்பக்கமாக வளையும். பர்ஹானாவின் உம்மா வீடியோவில் பார்த்துவிட்டு, "அது ஒண்டுமில்ல மகள், சில புள்ளயள் அப்படித்தான் நிக்கும், போகப் போக நிமிந்துரும்" என்று சொன்னார். சாப்பாடும் சரியில்லை. சோறு கொடுத்தால் துப்புவான், தாய்ப்பாலை மட்டும் விடமாட்டான்.

மார்ச் மாதம் ஒரு பகல். ரிஸ்வான் இரவு வேலை முடிந்து அறைக்குள் நித்திரை. பர்ஹானா குசினியில். யூசுப் செற்றியில் ஏறி, சறுக்கி விழுந்தான். உயரம் என் முழங்கால் அளவுகூட இல்லை, கீழே கம்பளம். ஆனால் பிள்ளை காலை அசைக்க விடாமல் கத்தினான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். படம் எடுத்துப் பார்த்தால் கால் எலும்பு முறிந்திருந்தது.

அந்த நிமிடத்திலிருந்து எல்லோருடைய முகமும் மாறியது. இவ்வளவு சின்ன விழுகையில் எலும்பு முறியாது என்றார்கள். விழுந்ததை யார் கண்டது? ஒருவரும் காணவில்லை. தகப்பன் எங்கே? நித்திரை. தாய்? குசினி. இருவரையும் வெவ்வேறு அறையில் வைத்து ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். பிள்ளை ஆஸ்பத்திரியிலேயே இருக்க வேண்டும், தாயும் தகப்பனும் அவனோடு தனியாக இருக்கக் கூடாது என்று சொன்னார்கள். பம்பேர்ஸ் மாற்றவும் பால் கொடுக்கவும் பக்கத்தில் ஒரு ஆள் கதிரை போட்டு இருந்து பார்க்கும். விசாரணை சரியில்லாமல் முடிந்தால் பிள்ளையை வேறு ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுப்பார்கள். இதை அவர்கள் மிக மென்மையான குரலில் சொன்னார்கள். இந்த நாட்டில் கொடுமையான செய்திகளுக்கென்று ஒரு மென்மையான குரல் இருக்கிறது.

நான் வேலை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது பர்ஹானா நடைபாதைச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"ராத்தா, நான் பால் குடுக்கக்கொள்ள ஒரு பொம்புள என்ட கையையே பாத்துக்கிட்டு இரிக்கிறா. என்ட புள்ளய நான் என்ன செய்யப் போறன் ராத்தா?" என்றாள்.

"பொறு மகள், டெஸ்ட் எல்லாம் வரட்டும்" என்றேன்.

டெஸ்ட் வந்தது. எலும்பில் உரம் இல்லை, ரிக்கெற்ஸ் என்ற வியாதி, உடம்பில் விற்றமின் டி கிட்டத்தட்ட இல்லவே இல்லை, இப்படியான எலும்பு லேசாக முறியும் என்றார்கள். எனக்கு மூச்சு வந்தது. அடிக்கவில்லை என்று தெரிந்துவிட்டது, இனி பிள்ளையைத் தந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். நான் எவ்வளவு மடைச்சி! மருந்து தினமும் நடக்கிறது என்று தாதி வந்த நேரமெல்லாம் பர்ஹானா சொல்லியிருக்கிறாள், அதெல்லாம் எழுதப்பட்டும் இருக்கிறது. அந்த மருந்து நடந்திருந்தால் இரத்தத்தில் இருக்க வேண்டும். இரத்தத்தில் இல்லை. அப்படியென்றால் தாய் பொய் சொல்கிறாள். பிள்ளைக்கு வேண்டியதைக் கொடுக்காமல் விட்டு, கொடுத்தேன் என்று மறைக்கிறாள். அடித்தவள் என்ற பெயர் போய் பொய்க்காரி என்ற பெயர் வந்தது. இரண்டுக்கும் இங்கே ஒரே முடிவுதான், பிள்ளை போய்விடும்.

4

அதைப் பற்றிக் கதைக்க ஒரு கூட்டம் வைத்தார்கள். ஆஸ்பத்திரியிலேயே ஒரு சின்ன அறை. பிள்ளை வைத்தியர், சமூக சேவைக்காரி, ரிஸ்வான், பர்ஹானா, அவள் மடியில் காலில் கட்டோடு யூசுப். தெரிந்தவள் என்ற முறையில் என்னையும் இருக்க விட்டார்கள். ஆனால் வாய் திறக்கக் கூடாது. மொழிபெயர்க்க மேசை நடுவில் ஒரு தொலைபேசி. அதற்குள் சென்னைத் தமிழில் ஒரு பெண்.

"அம்மா, அந்த டிராப்ஸ டெய்லி யூஸ் பண்ணீங்களான்னு கேக்கறாங்கம்மா."

"ஓம். ஒரு நாளும் விடல்ல."

சமூக சேவைக்காரி அதையே வேறு மாதிரிக் கேட்டாள். பிறகு இன்னொரு மாதிரி. ஒவ்வொரு முறையும் ஓம். அவள் பேனையை வைத்துவிட்டு, "அப்படியென்றால் அது ஏன் இரத்தத்தில் இல்லை?" என்றாள். தொலைபேசி அதைத் தமிழில் சொன்னது. ரிஸ்வான் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அதைப் பர்ஹானாவும் கண்டாள்.

அதுவரை அழுதுகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "நான் பொய் சொல்லல்ல. அல்லாஹ் அறிய நான் பொய் சொல்லல்ல. போத்தல் முடிய முடிய வாங்கினன். நம்பல்லயெண்டா பாருங்க, இப்பவே காட்டுறன்" என்று பிள்ளையின் பைக்குள் கையை விட்டு அந்தச் சின்னப் போத்தலை எடுத்தாள்.

மூடியைக் கழற்றினாள். இடது உள்ளங்கையில் ஐந்து சொட்டு விட்டாள், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இரண்டு கையையும் உரசிச் சூடாக்கினாள். பிஸ்மி சொன்னாள். யூசுப்பின் உச்சியில் வைத்து மெல்லத் தேய்த்தாள். பிறகு நெஞ்சு, கை, கட்டில்லாத கால். முழங்காலில் பெருவிரலால் வட்டமாக, நம் பெண்கள் தடவுகிற அதே தடவல். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அந்தக் காலை அவளுக்கு நீட்டிக் கொடுத்தான்.

எல்லோரும் அவள் கையையே பார்த்தோம். தொலைபேசிக்குள் இருந்தவள்தான், "ஹலோ? என்னம்மா நடக்குது? எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றாள்.

வாய் திறக்கக் கூடாது என்று சொன்னதை நான் மறந்துபோனேன். "பர்ஹானா, இத வாயில உடல்லயா?"

"வாயிலயா?" அவள் என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "வெயில் தோல்லதானே ராத்தா படுற? வெயில வாயாலயா குடிக்கிற?"

நான்தான் இங்கிலீஷில் சொன்னேன். வைத்தியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த எண்ணெய் தோலில் பூசி வேலை செய்யாது, வயிற்றுக்குள்தான் போக வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். யன்னல் வெயிலைப் பற்றியும் நான் கேட்டேன். கண்ணாடியைத் தாண்டி அந்தச் சத்து வராது, வருவது வெளிச்சமும் சூடும் மட்டும்தான் என்றார். அதையும் நான்தான் அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஒன்றரை வருடம், வெயில் வந்த நாளெல்லாம், எண்ணெய் பூசிய பிள்ளையைக் கண்ணாடிக்கு உள்ளே பிடித்துக்கொண்டு இருந்தவளிடம் இதை எப்படிச் சொல்வது? சொன்னேன்.

அவள் தன் மினுங்குகிற கையைப் பார்த்தாள். "அப்ப இந்த ஊர்ல வெயிலும் பொய்யா ராத்தா?" என்றாள்.

5

பிள்ளையைத் தந்தார்கள். மன்னிப்புக் கேட்டார்களா என்று கேட்காதீர்கள். மொழிச் சிக்கலால் வந்த தவறு என்று எழுதிக்கொண்டார்கள். எனக்கு அதுதான் பற்றி எரிகிறது. எந்த மொழிச் சிக்கல்? தாதி சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு விளங்கியது. பெற்றவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் செய்ததை வைத்து அவள் அதை யோசித்தாள், அவ்வளவுதான். மருந்து நடக்கிறதா என்று எத்தனை பேர் கேட்டார்கள்! எப்படிக் கொடுக்கிறாய், ஒரு முறை காட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க ஒரு நிமிடம் போதும். சந்தேகப்படத்தான் இவர்களுக்கு நாள் கணக்காக நேரம் இருந்தது.

மகளிடம் இதைச் சொன்னேன். அவள் இன்னொரு நகரத்தில் ஆசிரியை. சினேகிதிகளோடு தெனரிஃப் தீவுக்கு வெயில் காயப் போயிருந்தாள். மாம்புரிக்கு வா என்றால் சூடு தாங்காது என்பவள், காசு கட்டிப் போய் மணலில் கிடக்கிறாள். "உம்மா, அவங்க அவங்கட வேலையத்தான் செஞ்சிருக்காங்க. என்ட கிளாஸ்ல ஒரு புள்ள அப்படி வந்தா நானும் அறிவிப்பன்" என்றாள். பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். தப்புச் சொல்ல முடியாது. உண்மையாகவே அடி வாங்குகிற பிள்ளைகள் இந்த ஊரில் இருக்கிறார்கள், அவர்களை இந்தக் கேள்விகள்தான் காப்பாற்றுகின்றன. அவள் சொல்வது சரிதான். ஆனால் அவள் "அவங்க" என்று சொன்ன தொனியில், அந்த அறையில் மேசைக்கு எந்தப் பக்கத்தில் என் மகள் உட்கார்ந்திருப்பாள் என்று எனக்குத் தெரிந்துபோனது. தொலைபேசியை வைத்துவிட்டு அழுதேன்.

பர்ஹானாவின் உம்மா ஒவ்வொரு நாளும் அழைப்பு எடுக்கிறார். "புள்ளயக் கொண்டு இஞ்ச வாங்க, எங்கட முத்தத்துல வெயிலுக்குக் கொறயா?" என்கிறார். குறை இல்லை, வாப்பாமாரே, உம்மாமாரே, அது எங்களுக்கும் தெரியும். ஆனால் சமூக சேவைக்காரர்கள் கோப்பை இன்னும் மூடவில்லை. இப்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறினால் ஓடிப்போனாள் என்று எழுதுவார்கள். பிறகு ரிஸ்வானின் விசா, திரும்பி வரும் வழி, எல்லாம் கேள்விக்குறி. உலகத்தில் வெயில் கொட்டிக் கிடக்கிற ஒரு ஊருக்குச் சொந்தக்காரி, பிள்ளையை அந்த வெயிலில் கொண்டு போய்க் கிடத்த அனுமதியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள்.

வாரத்துக்கு ஒரு தடவை அவர்களிடமிருந்து ஒரு பெண் வருகிறாள். பர்ஹானா அவள் முன்னால் யூசுப்பின் வாயைத் திறந்து சொட்டு விட்டுக் காட்ட வேண்டும். காட்டுகிறாள். அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டுப் போகிறாள். பர்ஹானாவுக்கும் எனக்கும் குளிசை. காலையில் இரண்டு வீட்டிலும் எல்லோரும் வெயில் விழுங்குகிறோம்.

6

போன ஞாயிற்றுக்கிழமை இந்த ஊரில் உண்மையான வெயில் அடித்தது. வெயில் அடித்தால் இவர்களுக்குப் புத்தி பேதலித்துவிடும். பூங்காவில் புல் தெரியவில்லை, மனிதர்கள்தான் தெரிந்தார்கள். சட்டை இல்லாத ஆண்கள், நாய்கள், புல்லில் கிடத்திய பிள்ளைகள். ஒரு தகப்பன் தன் மகனின் முதுகில் வெயிலைத் தடுக்கிற கிறீமை வெள்ளை வெளேரென்று பூசிக்கொண்டிருந்தான். எங்கள் வைத்தியர் சொல்லித்தான் நாங்களும் போனோம். இந்த மாதங்களில் வெளி வெயிலில் சத்து உண்டு, எரியாமல் கொஞ்ச நேரம் காட்டுங்கள் என்றிருந்தார்.

யூசுப்பின் கட்டுக் கழற்றியாகிவிட்டது. கால் நிமிர்ந்துகொண்டு வருகிறது, நாளாகும் என்கிறார்கள். எங்கள் விரலைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டு அடி வைத்தான். பிறகு புல்லில் தொப்பென்று உட்கார்ந்து வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிச் சிரித்தான். கண்ணாடி இல்லாத வெயில்.

பர்ஹானா விரிப்பைப் போட்டு அவனைக் கிடத்தினாள். சட்டையைக் கழற்றினாள். பைக்குள்ளிருந்து தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்தாள். கனமூலையிலிருந்து அவள் உம்மா அனுப்பியது. ஆஸ்பத்திரியால் வந்த பிறகு அவள் பிள்ளைக்கு ஒரு நாளும் எண்ணெய் பூசவில்லை என்று எனக்குத் தெரியும். போத்தலைக் கண்டதும் யூசுப் தானாகவே காலை நீட்டினான். அவன் எதையும் மறக்கவில்லை.

அவள் உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றினாள், இரண்டு கையையும் உரசினாள். அப்படியே நிறுத்தினாள். வலப்பக்கம் பார்த்தாள், இடப்பக்கம் பார்த்தாள், பின்னால் திரும்பிப் பார்த்தாள். ஒருவரும் எங்களைப் பார்க்கவில்லை, எல்லோரும் வெயில் குடித்துக்கொண்டிருந்தார்கள். யூசுப் நீட்டிய காலை ஆட்டி ஆட்டிக் காட்டினான்.

அவள் எண்ணெய்க் கையைப் புல்லில் துடைத்துவிட்டுப் போத்தலை என்னிடம் நீட்டினாள்.

"நீங்க தடவி உடுங்க ராத்தா" என்றாள். "ஒங்களப் பத்தி ஒண்டும் எழுத மாட்டாங்க."